இரண்டு அடுப்பும் ஒரு வெள்ளிக்கிழமையும்

உங்களை இரண்டு பக்கமும் சந்தேகிக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்க்கப் போகும் இடத்தில் நடுவில் ஒரு கதிரை போடுவார்கள். அது உங்களுடையது. அந்தக் கதிரையில் இருக்கிற ஆளை யாரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆங்கிலம் கப்பல் வேலையில் வந்தது. மிச்சம் ஒக்லாந்தில், இறைச்சி வெட்டும் இடத்தில். இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டவர் ஒரு கம்போடியப் பெண். தன் ஆட்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர். முதல் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அறைக்குள்ளே கேட்டது எல்லாவற்றையும் சொல். நீ நினைத்தது எதையும் சொல்லாதே." வேறு பயிற்சி எனக்குக் கிடையாது. உங்களிடம் சான்றிதழ் இருக்கிறது. நல்லது. ஆனால் அந்த இரண்டு வரியையும் எந்தச் சான்றிதழும் சரியாகச் சொல்லித் தராது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் ஒரு டெய்ரி. பால், பாண் என்கிற ரொட்டி, பேப்பர் விற்கிற மூலைக்கடை. இன்னொரு தட்டில் தமிழ்ப்பட வீடியோ கசற்றுகள் வாடகைக்கு இருக்கும். கடையை நடத்தியவர் சிவநேசன், யாழ்ப்பாணத்து ஆள். மனைவி பவளம். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கராஜ். கராஜில் சிவநேசனின் தம்பியும் தம்பி மனைவியும் பிள்ளைகளும் படுத்தார்கள். அப்போது எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் கராஜில் படுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கட்டடம் கோபால் என்ற மலேசியத் தமிழருடையது. முந்தியே வந்தவர். சிவநேசன் லீசுக்கு எடுத்திருந்தார். லீஸ்படி ரேட்ஸ், அதாவது நகரசபைக்கான வீட்டு வரி, கட்டவேண்டியது வாடகைக்காரர். அதே லீசில், இரண்டாவது குடும்பத்தைக் குடிவைக்கக் கூடாது என்றும் இருந்தது. வைத்தால் லீஸ் முடியும்.

அந்த முறை நகரசபை மதிப்பீட்டாளர் வந்தபோது கராஜுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கண்டிருக்கிறார். இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு வீடு என்று போட்டுவிட்டார். பெறுமதி ஏறியது, ரேட்ஸ் ஏறியது. பிழை என்று எழுதிப்போடத் தவணை உண்டு. கடிதம் போனது கோபாலுக்கு. அவர் எழுதவில்லை. தவணை முடிந்தபிறகு ஏறிய தொகையைக் கட்டு என்று சிவநேசனிடம் வந்தார். சிவநேசன் மறுத்தார். "ஒரு வீட்டை ரெண்டு வீடு எண்டு போட்டது அவையின்ர பிழை. நீங்கள் கேட்டுத் திருத்துங்கோ" என்றார். கோபால் சொன்னார்: "பிழை இல்ல. ரெண்டு குடும்பம் இருக்கு. லீஸையே முடிச்சுக்கலாம்."

தகராறு வந்தால் நடுவரிடம் போகவேண்டும் என்று லீசில் இருந்தது. போனார்கள். நடுவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. முன்பு மதிப்பீட்டாளராக வேலை செய்தவர். அவர் தீர்க்கவேண்டியது ஒரே கேள்வி. அங்கே இருப்பது ஒரு வீடா, இரண்டா. ஒன்று என்றால் கோபால் போய் மதிப்பீட்டைத் திருத்தக் கேட்கவேண்டும். இரண்டு என்றால் ஏறியதைச் சிவநேசன் கட்டவேண்டும். அதோடு கடையும் போகும், கடைக்குப் பின்னால் இருந்த வீடும் போகும். எட்டுப் பேர் தெருவில்.

பவளத்துக்கு ஆங்கிலம் போதாது. அதனால் நான்.

காலையில் எல்லாரும் இடம் பார்க்கப் போனோம். நடுவர் முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. முன் குசினியில் அடுப்புக்கு மேலே சாமிப் படங்கள், விளக்கு, சாம்பிராணி வாசம். நிலம் கழுவி ஈரமாக இருந்தது. பிறகு கராஜ். அடுப்பு சுவரோடு நின்றது. நடுவர் அதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார்.

பவளம் சொன்னார்: "மச்சம் காய்ச்சிறதுக்கு."

மீன், இறைச்சிக்கு எங்கள் பக்கத்தில் மச்சம் என்போம். நான் மீன், இறைச்சி சமைக்க என்று சொன்னேன்.

நடுவர் அடுப்பின் மேல் கையை வைத்தார். குளிர்ந்து இருந்தது. மூக்கை உறிஞ்சினார். ஒன்றும் மணக்கவில்லை. பொரிக்கிற தாச்சியைத் தூக்கிப் பார்த்தார். தேய்த்துக் கவிழ்த்திருந்தது. வெளியே போனார்.

அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் பிடித்தது. நான் கரையோரத்தில் பிறந்தவன். எங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர் வீடுகளில் மீன் பொரித்த இடம் அடுத்த நாளும் சொல்லும். இந்தக் கராஜ் ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மச்ச அடுப்பு என்பது நடுவருக்காகக் கட்டிய கதை. தம்பி குடும்பம் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறது, விசாரணைக்கு முதல்நாள் எல்லாவற்றையும் கழுவி ஒளித்திருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தேன். கோபாலின் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருப்தியாக இருந்தார்.

வெளியே என் பக்கத்தில் வந்தார். "நீங்களும் யாழ்ப்பாணம் தானே?"

"ஓம்."

"அவங்களும் யாழ்ப்பாணம்."

"ஓம்."

"பாத்து சொல்லுங்க. எனக்கும் தமிழ் தெரியும்லா."

போய்விட்டார். இதை உங்களிடமும் சொல்வார்கள். பதில் சொல்ல வேண்டாம்.

விசாரணை பக்கத்தில் ஒரு மண்டபத்தின் சின்ன அறையில் நடந்தது. தொடங்கமுதல் அந்த மண்டபத்துப் பெண் தேத்தண்ணியும் சாண்ட்விச்சும் கொண்டுவந்து வைத்தார். டின் மீன் வைத்தது ஒரு பக்கம், வெள்ளரிக்காய் வைத்தது ஒரு பக்கம். கோபால் ஒன்றை எடுத்தார், மேல் பாணைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப வைத்தார். மனிதன் சாண்ட்விச்சையும் நம்பமாட்டார் என்று நினைத்தேன். நடுவர் கேட்டதற்கு, வேண்டாம், வீட்டிலேயே பசியாறிவிட்டேன் என்றார். பவளம் தட்டுப் பக்கம் வரவேயில்லை. வெறும் தேத்தண்ணி. நான் டின் மீன் இரண்டு தின்றேன்.

கோபால் பேசினார், ஆங்கிலத்தில், நன்றாக. முன்பு இருந்த வாடகைக்காரன் கராஜை ஆட்களால் நிரப்பி, சபையிடம் அபராதம் வாங்கித் தந்ததாகச் சொன்னார். இனி யாரையும் நம்புவதில்லை என்றார். சிவநேசன் பேசினார். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே சாப்பாடு என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். சத்தமாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பவளம். நடுவர் நேராகக் கேட்டார். உங்கள் வீட்டில் சமையல் எப்படி, எல்லாம் ஒரே அடுப்பிலா?

பவளம் நிமிர்ந்து இருந்தார். கேட்டதில் ஏதோ குறை இருப்பதுபோலப் பதில் சொன்னார்.

"எங்கட வீட்டில அடுப்பு வேற வேறதான். எப்பவும் அப்பிடித்தான்."

தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் அடுப்பு வேற என்றால் குடும்பம் பிரிந்துவிட்டது. சுவர் எழுப்பாவிட்டாலும் பிரிந்துவிட்டது. இந்தியாவிலும் அப்படித்தான், மலேசியாவிலும் அப்படித்தான்.

கோபால் மேசையில் கையை வைத்தார். "அதான், அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க. அடுப்பு வேற. சொல்லுங்க, சொல்லுங்க. என்ன அர்த்தம்னு அம்மாவுக்குச் சொல்லுங்க."

நடுவர் என்னைப் பார்த்தார். சிவநேசன் என்னைப் பார்த்தார். பவளம் மட்டும் பார்க்கவில்லை. தான் சொன்னதில் என்ன வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். இது உங்களுக்கு வரும்.

என்னிடம் இரண்டு வழி இருந்தது. 'அடுப்புகள் தனித்தனி' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் இவர்கள் தப்பலாம். 'நாங்கள் பிரிந்த குடும்பம்' என்று வைத்தால் கடை போய்விடும். என் மனம் இரண்டாவது பக்கம் நின்றது. குளிர்ந்த அடுப்பைக் கண்டவன் நான். பொய்க்கு ஏன் துணைபோகவேண்டும் என்று ஒரு கோபமும் இருந்தது. இன்னொரு பக்கம், ஊர்ச் சனம். எட்டுப் பேர். முதலாவதைச் சொன்னால் அதுவும் பொய் இல்லை.

ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நான் நினைத்ததைச் சொல்வதுதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். நடுவரிடம் சொன்னேன்: "அவர் சொன்ன சொற்கள், எங்கள் வீட்டில் அடுப்புகள் தனித்தனி, எப்போதும் அப்படித்தான். எங்கள் மொழியில் இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒன்று, அடுப்பு இரண்டு. மற்றது, குடும்பம் இரண்டு. இவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இவரிடம்தான் கேட்கவேண்டும்."

கோபால் கதிரையில் சாய்ந்தார். "காப்பாத்துறார் பாருங்க. ஒரே ஊரு."

மறுபக்கம் சிவநேசன், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக: "அண்ணை, எங்களைக் கொண்டுபோய்க் குடுத்திட்டியள்."

அறைக்குள் கேட்டது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சொன்னேன். "இவர், நான் காப்பாற்றுகிறேன் என்கிறார். அவர், நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்கிறார்."

நடுவரின் வாய் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். பவளத்திடம் திரும்பிக் கேட்டார், இரண்டில் எது என்று.

நான் அதைத் தமிழில் சொன்னதும் பவளத்துக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தது.

"ஆர் பிரிஞ்சது? சாமிப் படம் வச்சிருக்கிற குசினியில மச்சம் காய்ச்சுவினமோ? முன்னுக்கு மரக்கறி, பின்னுக்கு மச்சம். ரெண்டிலயும் காய்ச்சிறது நானும் இவரின்ர தம்பியின்ர மனிசியும்தான். இதை ஆரும் கேட்பினமோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் சொன்னேன்.

நடுவர் பேனையை வைத்தார். "காலையில் நான் பார்த்தேன். மீன் சமைக்கிற அடுப்பு என்றீர்கள். குளிர்ந்து இருந்தது. மணம் இல்லை. தாச்சி காய்ந்திருந்தது. ஏன்?"

நான் நினைத்ததையே அவரும் நினைத்திருக்கிறார். கேள்வியைத் தமிழில் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் உறைப்பு ஏறியிருக்கலாம். பார்த்துக்கொள்ளுங்கள், குரலும் மொழிபெயர்க்கும்.

பவளம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்று சொன்னேன்.

"ஓம், வெள்ளிக்கிழமை" என்றார் நடுவர். "நானும் வீட்டுக்குப் போகும் வழியில் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டுதான் போவேன். இந்த ஊரே வெள்ளிக்கிழமை மீன்தான் தின்னும். அதனால்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் வேதக்காரர். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, அதனால் மீன். சின்ன வயதிலிருந்து வெள்ளி என்றால் எனக்கு மீன். சாமி கும்பிடுகிற சைவக்காரர் வீட்டில் வெள்ளி என்றால் மச்சமே இல்லை. முதல்நாளே தாச்சி தேய்த்து, காலையில் வீடு கழுவி, விளக்கு வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன். ஈர நிலத்தைக் கண்டேன், சாம்பிராணியை மணந்தேன். ஆனால் கராஜுக்குள் நின்றபோது என் வெள்ளிக்கிழமைதான் என்னுடன் நின்றது.

உடனே நடுவரிடம் விளக்கிச் சொல்ல வாய் வந்தது. நினைத்ததற்குப் பரிகாரம்போல. பவளமும் கேட்டார்: "அண்ணை, வெள்ளிக்கிழமை எண்டா இவைக்கு விளங்காதோ? நீங்கள் சொல்லுங்கோவன்."

நான் நடுவரிடம் சொன்னேன்: "என்னை விளக்கச் சொல்லிக் கேட்கிறார். நான் சாட்சி இல்லை."

"இல்லைத்தான்" என்றார் நடுவர். "அவரே சொல்லட்டும்."

மௌனமாக இருக்கிறது சுலபம் என்று நினைக்கவேண்டாம். உண்மை தெரிந்து, வாயில் இருந்து, அதை விழுங்குவது பொய் சொல்வதைவிடக் கஷ்டம். ஆனால் ஒருநாள் இவர்களுக்காக விளக்கினால், மற்ற நாள் நீங்கள் பிழையாக நினைத்ததையும் விளக்குவீர்கள். காலையில் என்னை விளக்கக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பவளம் மேசையைப் பார்த்தார். மேசையில் தட்டு இன்னும் இருந்தது. பிறகு கோபாலைப் பார்த்தார். முதல்முறையாக அவரிடம் நேரே கதைத்தார்.

"ஐயா, அந்த மீன் பாணை ஏன் திருப்பி வச்சனீங்கள்?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கோபால் அசைந்து உட்கார்ந்தார். "பசி இல்ல."

ஆங்கிலத்தில் சொன்னேன்.

"பிறகு வெள்ளரிக்காய்ப் பாண் ரெண்டு சாப்பிட்டியள்தானே. நான் கண்டனான்."

ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரலில் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

நடுவர் தட்டைப் பார்த்தார். டின் மீன் பக்கத்தில் நான் தின்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கோபாலிடம் கேட்டார், ஏன் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மறுபடி போடவில்லை.

"வெள்ளிக்கிழமை" என்றார். ஆங்கிலத்தில். "எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மீன் சேர்ப்பதில்லை. இந்துக்கள் நிறையப் பேர் அப்படித்தான்."

"அப்படியானால் காலையில், கராஜில், அடுப்பு ஏன் குளிர்ந்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும்."

கோபால் கண்ணாடியை மேசையில் வைத்தார். "என்னிடம் யாரும் கேட்கவில்லை."

நடுவர் எழுதினார். அதற்குப் பிறகு கேள்விகள் அதிகம் இல்லை.

வாகனம் நிறுத்திய இடத்தில் கோபால் காத்து நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க கிறிஸ்தவரா?"

"ஓம்."

"அந்த மீன் ரொட்டியைச் சாப்பிட்டப்பவே கேட்டிருக்கணும்." தலையை ஆட்டினார். "நான் என்னமோ ஒரே ஊரு, ஒரே ஆளுங்கன்னு நினைச்சிட்டேன்லா."

"ஊர் ஒன்றுதான்" என்றேன். "வெள்ளி வேற."

சிரித்தார். வஞ்சகமில்லாத சிரிப்புத்தான். பிறகு சொன்னார்: "நான் பொய் சொல்லலை."

"இல்லை" என்றேன். சொல்லவில்லைத்தான். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாய் மூடியிருந்ததில் இருவரும் ஒன்று. ஆனால் எனக்கு மூடியிருப்பது வேலை. அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் நான் அன்றைக்கு நித்திரைக்குப் போனேன்.

தீர்ப்பு வந்தது. ஒரு வீடு, ஒரு குடும்பம், இரண்டு அடுப்பு. லீஸ் நிற்கும். ஏறிய ரேட்ஸை வாடகைக்காரரிடம் வாங்கக்கூடாது, மதிப்பீட்டைத் திரும்பப் பார்க்கும்படி உரிமையாளர் கேட்கவேண்டும். தவணை போயிருந்தாலும் தீர்ப்பைக் காட்டிக் கோபால் கேட்டார். திருத்தினார்கள். கடை நின்றது.

இதோடு முடித்திருக்கலாம். புதிய ஆட்களுக்குச் சொல்லும்போது நான் பெரும்பாலும் இதோடு முடிப்பேன். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகக்கூடாது என்று இல்லை. விசாரணை முடிந்தபிறகு அவர்களை விட்டுவிடவேண்டும், அது என் பழக்கம். அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை, வேறு வேலையாக லின்ஃபீல்டுக்குப் போன இடத்தில் பால் தேவைப்பட்டது. வேறு கடைகளும் இருந்தன. ஏன் அங்கே நிறுத்தினேன் என்று கேட்டால், புதன்கிழமை என்பதால் என்றுதான் சொல்லவேண்டும்.

கதவைத் திறந்ததும் மீன் பொரியல் மணந்தது. பின்பக்கத்திலிருந்து. நல்ல மணம். மச்ச அடுப்பு கட்டிய கதை இல்லை என்று மனப் பாரம் இறங்கியது.

பவளம் கல்லாவில் நின்றார். அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணை, வாங்கோ. அண்டைக்கு ரெண்டு அர்த்தம் எண்டு சொன்னனீங்கள் எல்லோ, உங்களை நான் ஏசாத ஏச்சு இல்லை."

"தெரியும்."

"இவர் ரெண்டு நாள் சாப்பிடேல்லை. 'எங்கட ஆள் எண்டு நம்பினன்' எண்டு."

"அவரின் தம்பி ஆக்கள் சுகமோ?"

"அவை மாசி எண்ட இடத்துக்குப் போயிட்டினம். வீடெடுத்து இருக்கினம்." பாலைப் பையில் போட்டார். ஒரு நிமிடம் பையைக் கையிலேயே வைத்திருந்தார். "இப்ப யோசிக்க, நீங்கள் சொன்னது சரிதான், அண்ணை. ரெண்டு அர்த்தமும் சரிதான்."

எப்போதிலிருந்து என்று கேட்க வாய் வந்தது. தம்பி குடும்பம் மாசிக்குப் போனபிறகா, அதற்கு முந்தியா, நாங்கள் அந்தக் கராஜில் நின்ற வெள்ளிக்கிழமையிலா.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்பேனா என்று பார்த்தார்.

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.